ஏழும் பொரித்தாயிற்று

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன். இடுப்பு மட்டும் இன்னும் ரயில் பெஞ்சிலேயே இருக்கிறது, மற்றபடி சுகம். காலமெல்லாம் என்ஜின் ஓட்டியவனுக்குப் பயணியாக உட்கார்ந்து வரத் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் மாடி அறையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாய் அல்லவா? தலைவலி எப்படி இருக்கிறது?

மகளைப் பார்த்தேன். ஆறாவது மாதம் பிறந்திருக்கிறது. முன்பு இரண்டு தடவையும் இந்த மாதத்தைத் தாண்டவில்லை என்பது உனக்கே தெரியும். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். பிரசவத்துக்குள் கரை சேர்ந்தால் உண்டு. அதுவரை சமையல், துணி, மருந்து எல்லாம் நான்தான். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். "சாப்பிடுறியாம்மா?" என்றால் "ம்." "வலிக்குதா?" என்றால் "ம்ஹூம்." அதோடு சரி. இந்தக் குழந்தையாவது தங்கிவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இனிக் கோழிகள். கோழி என்று மொத்தமாகப் பார்க்காதே, ஐந்தும் ஐந்து ஆள். வெள்ளையாய், ஒல்லியாய், எங்கேயும் நிற்காமல் ஓடுகிறவள் எக்ஸ்பிரஸ். அவளைத் துரத்தாதே, நீ விழுவாய். குண்டாய், நடுவழியில் நின்றுவிடுகிறவள் கூட்ஸ். கொண்டை ஒரு கண்ணை மறைத்துத் தொங்குகிறதே, அது சிக்னல். அவளுக்குக் கூச்சம் அதிகம், எதிரே நின்று பார்த்தால் தின்ன மாட்டாள். வருகிறவர் போகிறவர் கால் விரலையெல்லாம் கொத்திச் சோதிக்கிறவள் டிக்கெட் பரிசோதகர். பழுப்பு நிறத்தில், சாயங்காலம் எல்லாரும் கூண்டுக்குள் போனபின் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறுகிறவள் கார்டு. அவள் ஏறாமல் கதவைச் சாத்தாதே. அவமானமாக எடுத்துக்கொள்வாள்.

ஓரத்தில் நெருக்கி எழுதுகிறேன், மன்னித்துக்கொள். தவிட்டுக் கூடையில் ஏழு முட்டை இருக்கிறது. நம் சேவல் ஸ்டேஷன் மாஸ்டர் போன வாரம் செத்துப்போனதில் மிச்சம் அவ்வளவுதான். வைத்திருந்து கெடுத்துவிடாதே, சீக்கிரம் பொறிக்கப் பார்.

உன் அண்ணன்


ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

தலைவலி குறைந்தது, கால் விரல் வலி கூடியது. பரிசோதகர் என்னிடம் டிக்கெட் இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. உன் இடுப்பு எப்படி? பெண் எப்படி? பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபிக்காதே. அச்சகத்தில் பாடப்புத்தக வேலை. பகலெல்லாம் அங்கே புரூஃப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வீட்டில் உன் எக்ஸ்பிரஸ் ஜன்னல் வழியாகக் குதித்து மூன்றாம் பாடத்தின் மேல் நின்றது. அது அங்கே செய்துவிட்டுப் போனதைப் பிழை என்று குறிப்பதா, நிறுத்தக்குறி என்று விடுவதா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தில் ஒன்பது பிழை. எல்லாவற்றையும் விட்டுத்தள்ளுகிறேன், ஒன்றை மட்டும் விட முடியாது. எலிக்கு வைப்பது பொறி. முட்டைக்குச் செய்வது பொரி. வல்லினம் வேறு, இடையினம் வேறு. ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு அண்ணன் என்று வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். போகட்டும், நீ சொன்னபடியே அந்த ஏழும் பொரித்தாயிற்று. ஒன்றுகூட வீணாகவில்லை. உன் அடுக்களையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. எந்தக் கடையில் வாங்குவாய்?

கூட்ஸுக்கு என்ன வந்ததென்று புரியவில்லை. நாலைந்து நாளாகக் கூண்டுப் பக்கமே வருவதில்லை. மத்தியானம் ஒரு தடவை எங்கிருந்தோ வருகிறது. உடம்பையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அவுக் அவுக்கென்று தின்கிறது, என்னைத் திட்டிக்கொண்டே போய்விடுகிறது. நான் அதை என்ன செய்தேன்? மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே எனக்குச் சிரமம் என்று தெரிந்தும் ஐந்து முகங்களை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

பெண்ணுக்கு என் ஆசி. வேளைக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

தங்கை


ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இருவரும் என்று எழுத இன்றைக்குத்தான் கை வந்தது. மூவரும் என்று எழுத ஆசை, கண் பட்டுவிடுமோ என்று பயம். இந்தக் கடிதத்தை மகள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டப் போகிறாள், அதனால் பிழையெல்லாம் அவள் பொறுப்பு.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எக்ஸ்பிரஸ் போட்ட நிறுத்தக்குறியில் முதுகு லேசாகக் குலுங்கியது. 'அந்த ஏழும் பொரித்தாயிற்று' என்ற இடம் வந்ததும் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏழுமாப்பா? ஒண்ணுகூட கூமுட்டை இல்லையா?" என்றாள். நான் வந்தபின் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். ஏழும் உயிரோடு வந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதனால் நீ இனிமேல் நிறைய எழுத வேண்டும். ஒவ்வொரு குஞ்சும் என்ன நிறம், எது முரடு, எது பயந்தாங்கொள்ளி, எது மற்றதை மிதித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டுமாம். இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பயம் பாதி தீர்ந்தது என்கிறார் டாக்டரம்மா.

கூட்ஸைத் தேடிப் பிடித்துக் கூண்டில் அடைக்காதே. அவள் போக்கில் விடு. தானியமும் தண்ணீரும் மட்டும் வெளியே வை.

உன் அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உறையின் மேல் 'அண்ணன் மட்டும் படிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். பெண் கண்ணில் படாமல் தனியாகப் போய்ப் படி.

குஞ்சு ஒன்றும் இல்லை. ஏழு முட்டையையும் நான் தின்றுவிட்டேன்.

வாணலியில் எண்ணெய் விட்டு, உப்பும் மிளகும் தூவி, நாளுக்கு ஒன்றாய்ப் பொரித்துத் தின்றேன். இரண்டில் பாதியை எங்கள் அச்சுக்கோப்பவர் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார், "நாட்டு முட்டைக்குத் தனி ருசிம்மா" என்று பாராட்டு வேறு. நீ பொறிக்கப் பார் என்று எழுதினாய். றகரத்தை ரகரமாகத் திருத்தினேன், பெருமையாக உனக்கே பாடமும் எடுத்தேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதும், கோழி வளர்க்கிறவன் எழுதினால் எந்த அர்த்தத்தில் எழுதுவான் என்பதும் தோன்றவே இல்லை. எழுத்தைத் திருத்திவிட்டு அர்த்தத்தைப் பொரித்துத் தின்றுவிட்டேன்.

சேவல் போனபின் இனி அப்படி ஒரு முட்டை கிடைக்காது என்பது உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது. அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. பெண் அந்த ஏழைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஏழும் வாணலியில் போயிற்று என்று தெரிந்தால் அவள் மனசு என்ன ஆகும்? இரண்டு தடவை இழந்தவளிடம் போய் இதை யார் சொல்வது? சொல்லாமலே இருந்தால் நான் எத்தனை நாள் பொய் எழுதுவேன்? நீதான் பெரியவன், நீயே வழி சொல். உடனே பதில் போடு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள அத்தைக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், கையெழுத்து சரிந்திருக்கும், பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நானும் வயிற்றில் இருக்கும் ஆளும் நலம். நீங்கள் முதலில் நன்றாகச் சாப்பிடுங்கள்.

தபால்காரர் ஜன்னல் வழியாக என் கட்டில் மேல்தான் கடிதங்களைப் போடுவார். சிவப்பு மையில் 'அண்ணன் மட்டும்' என்று எழுதியிருந்தால் யார்தான் பிரிக்காமல் இருப்பார்கள், அத்தை? படித்தேன். முதலில் அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீங்கள் வல்லினம் இடையினம் பாடம் எடுத்ததும், அச்சுக்கோப்பவர் டப்பாவோடு நின்றதும் கண் முன்னால் வந்தது. சிரித்த சிரிப்பில் பயந்துபோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு உதை விழுந்தது. அதற்கும் சிரிப்புதான் போல.

உங்கள் கடிதத்தை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பாவிடம் காட்டப் போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். வந்ததிலிருந்து அவர் என் அறை வாசலில் ஸ்டூல் போட்டு, நான் மூச்சு விடுகிறேனா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்தது அவருடைய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான். குஞ்சு செய்தி வந்த நாளிலிருந்து அடுக்களையில் விசில் அடித்துக்கொண்டு சமைக்கிறார். உப்பு ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை, ஆனால் விசில் இருக்கிறது. அதை நிறுத்திவிடாதீர்கள்.

அதனால் குஞ்சுகளைப் பற்றி எழுதுங்கள் அத்தை. ஆனால் சும்மா கற்பனையாக எழுதினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார், அவர் கோழியோடு கோழியாகப் பிறந்தவர். வீட்டில் இருக்கும் ஐந்து பேரையும் நன்றாகப் பார்த்து, அவர்களைச் சின்னதாக்கி எழுதுங்கள்.

அண்ணன் மகள்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் சமையலைச் சாப்பிட்டும் பெண் நலமாக இருக்கிறாள் என்றால் அது அவளுடைய தைரியம். குஞ்சுகளைப் பற்றிக் கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வயசுக்கு நான் எதையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஒன்று வெள்ளை. இருக்கிற இடத்தில் இருக்காது. எல்லாரும் தின்கிற இடத்தை விட்டுவிட்டுச் சுவரோரம் ஓடும், அங்கே ஒன்றும் இருக்காது, ஆனால் ஏதோ பெரிய புதையலைக் கண்டுபிடித்த மாதிரி கத்தும். மற்றவை தின்பதைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்து ஏமாந்து திரும்பும். மறுபடி கத்தினால் மறுபடி ஓடும். எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு மேனேஜர் இருந்தார்.

இன்னொன்றுக்குப் புழு கிடைத்தால் தின்னத் தெரியாது. வாயில் கவ்விக்கொண்டு எல்லார் முன்னாலும் காட்டிக்கொண்டே ஓடும், கடைசியில் வேறு யாராவது பிடுங்கித் தின்றுவிடுவார்கள். ஒன்று கூச்சக்காரி. நான் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். நான் காகிதத்தில் கண்ணை வைத்தால் மெல்ல வந்து என் நிழலுக்குள் உட்கார்ந்துகொள்வாள். நான் எழுந்தால் நிழல் போய்விடுமே என்று வெகுநேரம் எழாமலே இருந்தேன். இரண்டு பேருக்கு எப்போதும் சண்டை, ஆனால் மண்ணில் குளிக்கும்போது மட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கண் சொருகி, இறக்கையை விரித்துப் போட்டுக் கிடக்கும். செத்துவிட்டதோ என்று ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சுத்தமாக இங்கிதம் தெரியாதவள் என்று நினைத்திருக்கும்.

பழுப்பு ஒன்று. அதுதான் எனக்குப் பிடித்தது. எல்லாரும் குனிந்து மேயும்போது இது மட்டும் அடிக்கடி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். எங்கோ உயரத்தில் பருந்து. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தும் எனக்குப் புள்ளியாகத்தான் தெரிந்தது. இது தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான், முற்றத்தில் ஒருத்தரும் இல்லை. யாரும் அதை அந்த வேலைக்கு வைக்கவில்லை, யாரும் நன்றி சொல்லவும் இல்லை. வேலையை முடித்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறப் போய்விட்டது.

ஏழாவது எப்போதும் தூக்கம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தங்கை


ஏப்ரல் 22

அன்புச் செல்லத்துக்கு,

உன் உடம்பும் உன் வயிற்றுக்காரரின் உடம்பும் சௌக்கியம் என்று நம்பி எழுதுகிறேன். இது உனக்கு மட்டும், உறையில் சாதா மை.

நேற்றுச் சாயங்காலம் படியில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சுவரில் பழைய கதவுப் பலகைகள் சாத்தி வைத்திருக்கிறதே, அதற்குப் பின்னாலிருந்து கூட்ஸ் வெளியே வந்தாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள். மார்பில் இறகு இல்லை. இரண்டடி வைத்து நின்றாள், திரும்பிப் பார்த்தாள், கொக் என்றாள். பின்னாலேயே ஒன்று உருண்டு வந்தது. அப்புறம் ஒன்று. மூன்றாவது பலகையில் தடுக்கி விழுந்து, எழுந்து வந்தது. உயிருள்ள நிஜக் குஞ்சுகள்! நான் எழுந்த வேகத்தில் பாடப்புத்தகம் முற்றமெல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேல் எட்டிப் பார்த்து "என்னாச்சுங்க?" என்றாள். நான் கையைத்தான் காட்டினேன்.

யாருக்கும் தெரியாமல் அங்கே முட்டையிட்டு, யாருக்கும் தெரியாமல் அடைகாத்திருக்கிறாள். சேவல் போனபின்பும் கொஞ்ச நாளைக்குப் பெட்டையின் முட்டையில் உயிர் இருக்குமாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பலகைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பொரியாத முட்டை ஐந்து ஜில்லென்று கிடந்தது. அவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிழைத்த மூன்றுக்கும் அலகால் தவிட்டைத் தட்டித் தட்டி, 'இதுதான் சாப்பாடு' என்று காட்டிக்கொண்டிருந்தாள். தான் ஒரு வாய் தின்னவில்லை. சோம்பேறி என்று நாம் பெயர் வைத்து அழைத்தவள்!

இப்போது ஒரு சங்கடம். நான் உன் அப்பாவுக்கு ஏழு எழுதிவிட்டேன், இருப்பதோ மூன்று. நாலைப் பருந்துக்குக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிடலாம். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். அந்த வெள்ளையையும் கூச்சக்காரியையும் சாகடிக்கக் கை வரவில்லை. இல்லாத குஞ்சுக்கு அழுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். நீயே சொல், என்ன செய்யலாம்?

அத்தை


மே 3

தங்கச்சிக்கு,

மகள் பிழைத்துக்கொண்டாள். முந்தாநாள் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. நாள் ஆகாமல் பிறந்ததால் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் தொடக்கூடாது, வெளியே நின்று பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மா எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். மகள் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள்.

வேறொன்றும் எழுத ஓடவில்லை.

அண்ணன்


மே 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. நலமா என்று கேட்கத் தெரியவில்லை. அதனால் இங்கே இருப்பதை எழுதுகிறேன். இனிமேல் இருப்பதை மட்டும்தான் எழுதுவேன்.

அந்த ஏழு முட்டையையும் நான் பொரித்துத் தின்றுவிட்டேன், அண்ணா. நீ சொன்ன சொல்லை அடுப்பில் ஏற்றிவிட்டேன். ஏழு குஞ்சும் நான் எழுதியவை, உன் ஐந்து கோழிகளைப் பார்த்து எழுதியவை. இதைத் தபாலில் ஒரு தடவை ஒப்புக்கொண்டேன், அது உன் கைக்கு வரவில்லை. ஏன் என்று பெண் சொல்வாள். குழந்தை கண்ணாடிக்குள் போராடிக்கொண்டிருக்கும்போது எப்படிப் பொய் எழுதுவது? எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதினால் உங்கள் இருவராலும் இனி அதை நம்ப முடிய வேண்டும்.

நிஜத்தில் மூன்று குஞ்சு. கூட்ஸ் பலகைக்குப் பின்னால் தானே பொரித்தவை. இரண்டு நன்றாக ஓடுகின்றன. மூன்றாவது சின்னது. மற்றவை ஓடும்போது இது பாதி தூரத்தில் உட்கார்ந்துவிடும். போன வாரம் பிழைக்காது என்றுதான் நினைத்தேன். கூட்ஸ் அதைத் தூக்கிவிடவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. அது உட்கார்ந்தால் அவளும் நிற்கிறாள். அது எழுந்தால் அவளும் நடக்கிறாள். முன்னால் போன இரண்டும் கத்திக் கூப்பிட்டாலும் அசைவதில்லை. நடுவழியில் நிற்கிறாள் என்று அவளைக் கேலி செய்தோமே, அந்த நிற்கிற குணம்தான் இந்தக் குஞ்சை இன்றுவரை வைத்திருக்கிறது.

இன்று அது தானாகக் கிண்ணத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. நாளைக்கு எப்படியோ எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். நாளைக்கும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீ அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நில். மகளையும் கூட்டிக்கொண்டு போய் நிற்க வை.

தங்கை


மே 24

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். பயமில்லாமல் எழுதுகிறேன், மூவரும்.

நேற்றுப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து மகள் கையில் கொடுத்தார்கள். இனி மூச்சுக்குக் கவலையில்லை, எடை ஏறட்டும், அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. நான் அங்கேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். நர்ஸ் ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "பாட்டனுக்கு ஒரு பெட்டி போடணும் போல" என்றார்.

உன் கடிதத்தை மகளுக்கு வாசித்தேன். மறுநாள் தானாக எழுந்து கண்ணாடி வரைக்கும் வந்தாள். நின்றாள். அன்றிலிருந்து தினமும் நாங்கள் இரண்டு பேரும் கூட்ஸ் மாதிரிதான் நின்றோம்.

இனி என் பங்குக்கு ஒன்று. முட்டையை நீ வாணலியில் போட்டது உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். 'ஏழும் பொரித்தாயிற்று' என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குக் கண் போனால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? வாயை மூடுவதற்குள் மகள் திரும்பி "ஏழுமாப்பா?" என்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபின் அடுத்த வரியை வாசிக்க என்னால் முடியவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் கூட்ஸ் சிலிர்த்துக்கொண்டு வந்து தின்றுவிட்டு ஓடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதில் ஒரு தைரியம். அது அடையில் இருக்கிற கோழியின் நடை. உன்னை நம்பவில்லை தங்கச்சி, கூட்ஸை நம்பி விசில் அடித்தேன்.

இதைச் சொன்னதும் மகள் என்னைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப் பைக்குள் கையை விட்டு உன் சிவப்பு மை உறையை எடுத்து நீட்டினாள். ஆளுக்கு ஆள் மறைத்திருக்கிறோம்! நாங்கள் சிரித்த சிரிப்பில், குழந்தைக்கு நல்லதில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் கோபித்துக்கொண்டார்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆள் எப்படி என்று தெரியட்டும், அப்புறம் வைக்கலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையும் கப்பலிலிருந்து தந்தி கொடுத்துச் சரி சொல்லிவிட்டார். சின்னக் குஞ்சு எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்


மே 28

அன்புள்ள அண்ணனுக்கும் மகளுக்கும்,

நான் நலம் என்று எழுதினால் குறைவாகச் சொன்னதாகும். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று சத்தமாக அழுதேன். பரிசோதகர் வந்து, கொத்தாமல், சும்மா நின்றுவிட்டுப் போனது.

சின்னக் குஞ்சு இருக்கிறது. மற்ற இரண்டையும்விடக் குள்ளம். ஆனால் கோபம் வந்தால் கழுத்து இறகை விரித்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் மேலேயே பாய்கிறது. எக்ஸ்பிரஸ் வழி விடுகிறது.

அண்ணா, ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், நீ மறுக்காதே. அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். நீ கிளம்பி இங்கே வா, கோழிகளுக்கு நீ வேண்டும். நான் அங்கே வருகிறேன். ஜங்ஷனில் உன் வண்டியும் என் வண்டியும் எதிரெதிரே கொஞ்ச நேரம் நிற்கும் அல்லவா, அந்தக் கணக்கு உனக்குத்தான் தெரியும், பார்த்து எழுது. சாவியை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுகிறேன். நீ வந்து சேரும்வரை பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள்.

குழந்தையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். இந்த மூன்று மாதமாக ஒருத்தருக்கொருத்தர் எழுதியதில் எது நிஜம், எது இட்டுக்கட்டியது என்று பிரிப்பதற்குள் எனக்கே தலை சுற்றுகிறது. எழுத்து போதும். நான் நேரில் வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் எப்படிப்பட்டவள் என்று பார்க்க வேண்டும்.

நம் குடும்பத்தில் நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லாத ஆள் அவள் ஒருத்திதான். அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

வருகிறேன்,
அத்தை